விசைப்படகு என்ஜினில் கைக்கு எட்டாத கடல்நீர்ப் பம்பு: ரப்பர் இம்பெல்லரைக் கழற்றி மாட்டும் முறை

வயலுக்கு நீர் இறைக்கும் பம்புசெட்டு பழுதுபட்டால் அன்றைய பாசனம் தடைப்படும். கிணற்று மேட்டில் அமர்ந்து அதைச் சரி செய்து மறுநாள் நீர் பாய்ச்சிக் கொள்ளலாம். நடுக்கடலில் விசைப்படகின் என்ஜின் நின்றுவிட்டால் நிலைமை அப்படியன்று. பிடித்த மீன் கெடும், பனிக்கட்டி உருகும், காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் படகு போகும். பாக் நீரிணைப் பகுதியில் தொழில் செய்வோருக்கு இதில் மேலும் ஓர் ஆபத்து உண்டு. 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வகுக்கப்பட்ட இந்திய - இலங்கைக் கடல் எல்லை அங்கே அருகிலேயே இருக்கிறது. என்ஜின் நின்ற படகு தானாகவே எல்லையைத் தாண்டிவிடக் கூடும்.

என்ஜின் சூடேறி நிற்பதற்குப் பல காரணங்கள் இருப்பினும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர்ச் சக்கரம் கிழிந்து போவது அவற்றுள் முக்கியமானது. கடல்நீர்ப் பம்பினுள் சுழலும் இம்பெல்லரே அது. என்ஜினின் மற்றப் பாகங்களோடு ஒப்பிட்டால் இதன் விலை மிகக் குறைவு. ஆயினும் பலர் இதை உரிய காலத்தில் மாற்றுவதில்லை. பம்பு இருக்கும் இடமே அதற்குக் காரணம். பெரும்பாலான படகுகளில் பம்பு என்ஜினின் முன்புறம் தாழ்வாக, அதன் மூடி தடுப்புப் பலகையையோ படகின் பக்கத்தையோ நோக்கியவாறு அமைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கையும் முழுதாய்ப் போகாது. 'ஓடுகிற வரை ஓடட்டும்' என்று விட்டுவிடுகிறார்கள். கரையில் ஒரு மணி நேரத்தில் முடிக்கக் கூடிய இவ்வேலையை, ஆடுகின்ற படகில், சுடுகின்ற என்ஜினின் அருகே, இருட்டில் செய்ய நேர்வது இதனால்தான்.

எளிதில் எட்டாத இடத்தில் உள்ள இம்பெல்லரைப் பம்புக்குச் சேதமின்றிக் கழற்றும் முறையையும், கழற்றிய பின் செய்ய வேண்டியவற்றையும் இங்கே காண்போம்.

பம்பு வேலை செய்யும் விதம்

விசைப்படகு என்ஜின்களில் பொதுவாக இரண்டு நீர்ச் சுற்றுகள் உண்டு. முதலாவது நன்னீர்ச் சுற்று. இந்நீர் என்ஜினுக்குள்ளேயே சுற்றி வந்து சிலிண்டர்களின் வெப்பத்தை ஏற்றுக் கொள்கிறது. இரண்டாவது கடல்நீர்ச் சுற்று. படகின் அடியில் உள்ள வால்வு வழியாகக் கடல்நீர் உறிஞ்சப்பட்டு, வடிகட்டியைக் கடந்து, வெப்பமாற்றியினுள் சென்று நன்னீரின் வெப்பத்தை வாங்கிக் கொண்டு மீண்டும் கடலில் விழுகிறது. சில சிறிய என்ஜின்களில் கடல்நீரே நேராகச் சிலிண்டரைச் சுற்றி வரும். இரண்டு வகையிலும் கடல்நீரை இழுத்துத் தள்ளுவது ரப்பர் இம்பெல்லர் உள்ள பம்பேயாகும். படகின் அடியில் பதித்த குழாய்களுக்குள் நன்னீரை ஓட்டிக் குளிர்விக்கும் படகுகளுக்கு இக்கட்டுரை பொருந்தாது.

கிணற்றில் நாம் பயன்படுத்தும் மையவிலக்குப் பம்பில் இம்பெல்லர் உலோகத்தாலானது. அது பம்பின் உடலைத் தொடாமல் சுழலும். ஃபுட் வால்வு ஒழுகினால் பம்புக்கு நீர் ஊற்றித்தான் ஓட்ட வேண்டும். படகின் பம்பு வேறு வகையைச் சார்ந்தது. இதில் ரப்பர் இறக்கைகள் பம்பின் உட்சுவரை உரசியவாறே சுழல்கின்றன. உட்சுவரில் ஒரு பக்கம் மேடாக இருக்கும். அம்மேட்டை அடையும்போது இறக்கைகள் மடங்கி, இடையே உள்ள நீரை வெளியே பிதுக்குகின்றன. மேட்டைக் கடந்ததும் நிமிர்ந்து, காலியாகும் இடத்திற்குப் புதிய நீரை உறிஞ்சுகின்றன. எனவே இப்பம்புக்கு முதலில் நீர் ஊற்ற வேண்டியதில்லை.

உரசிச் சுழலும் ரப்பருக்கு அந்த நீரே மசகு. நீர் இல்லாமல் அரை நிமிடத்திற்கு மேல் ஓடினால் இறக்கைகளின் நுனி கருகத் தொடங்கும். கடல்நீர் வால்வைத் திறக்க மறந்து என்ஜினை ஓட்டுவதும், பிளாஸ்டிக் பையோ சொறி மீனோ உறிஞ்சும் வாயை அடைத்துக் கொள்வதும் இம்பெல்லரைக் கெடுக்கும் முக்கிய காரணங்களாகும். நீண்ட நாள் ஓடாமல் இருப்பதும் கெடுதியே. மேட்டின் எதிரில் மடங்கிக் கிடக்கும் இறக்கைகள் அதே வடிவில் உறைந்து, பின்னர் நிமிர மறுக்கும்.

பழுதின் அறிகுறிகள்

1. படகின் பக்கவாட்டில் விழும் நீரின் அளவு குறைதல் அல்லது விட்டு விட்டு விழுதல்.
2. வேகம் கூட்டும்போது வெப்பமானியின் முள் உயர்ந்து, வேகம் குறைத்தால் இறங்குதல்.
3. புகையுடன் நீரும் வெளியேறும் அமைப்பில், நீராவி மிகுதியாக வருதல்.
4. பம்பின் மூடி கை வைக்க முடியாதபடி சுடுதல்.

நீர் குறைந்தவுடன் பம்பைக் கழற்ற வேண்டாம். முதலில் வால்வு முழுதும் திறந்துள்ளதா, வடிகட்டி அடைபட்டுள்ளதா, உறிஞ்சு குழாயின் கிளாம்ப் தளர்ந்து காற்று இழுக்கிறதா என்பவற்றைப் பாருங்கள். பட்டையால் ஓடும் பம்பாயின் பட்டை தளர்ந்துள்ளதா எனவும் பார்க்க வேண்டும். இவை சரியாக இருந்தால் இம்பெல்லரைச் சோதிக்கலாம்.

தேவையான பொருள்கள்

அதே பம்புக்குரிய புதிய இம்பெல்லர், மூடிக்குரிய கேஸ்கெட் அல்லது ஓ-ரிங், மாற்று ஸ்குரூக்கள், ஸ்பேனர்கள், திருப்புளிகள், நீள்மூக்குக் குறடு, டார்ச் விளக்கு, சிறிய முகம் பார்க்கும் கண்ணாடி, கிளிசரின் அல்லது சோப்பு நீர், சுத்தமான பழந்துணி, அகன்ற தட்டு ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். புதிய இம்பெல்லரின் இறக்கை எண்ணிக்கை, அகலம், துளையின் அமைப்பு ஆகியன பழையதைப் போலவே இருத்தல் வேண்டும். தோற்றத்தில் ஒத்திருப்பது போதாது. பாக எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கழற்றுமுன் செய்ய வேண்டியவை

என்ஜினை நிறுத்தி நன்கு ஆறவிட வேண்டும். மற்றொருவர் தெரியாமல் ஸ்டார்ட் செய்துவிடாதபடி பாட்டரி இணைப்பைக் கழற்றி விடுங்கள். கடல்நீர் வால்வை இறுக மூடுங்கள். படகு மிதந்து கொண்டிருக்கையில் இதை மறந்தால், குழாயைக் கழற்றியவுடன் கடல்நீர் படகினுள் பாயும். வால்வை மூடியபின் உறிஞ்சு குழாயைச் சற்றே தளர்த்தி, நீர் வருவது நின்றுவிடுகிறதா என உறுதி செய்து கொள்வது நலம். வால்வு பழுதாகி முழுதும் மூடாவிட்டால், படகைக் கரையேற்றியபின் வேலையைத் தொடங்குங்கள்.

பம்புக்கு அடியில் துணியை விரித்துத் தட்டை வையுங்கள். கையிலிருந்து நழுவும் ஒரு ஸ்குரூ, என்ஜினின் அடியில் தேங்கியுள்ள எண்ணெய் கலந்த நீரில் விழுந்தால் அதைத் தேடுவதிலேயே பொழுது போய்விடும். ஸ்பேனரில் ஒரு நூலைக் கட்டி மணிக்கட்டில் மாட்டிக் கொள்வதும் நல்ல பழக்கம்.

இருந்த இடத்திலேயே திறப்பதா, பம்பைக் கழற்றுவதா?

மூடிக்கு எதிரே கையும் திருப்புளியும் நேராகப் போகும் அளவு இடம் இருந்தால், பம்பை அசைக்காமல் மூடியை மட்டும் கழற்றலாம். ஸ்குரூக்களை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். மேலே உள்ள ஒன்றை மட்டும் கடைசிவரை விட்டு வைத்தால் மூடி அதில் தொங்கும், கீழே விழாது.

திருப்புளி சாய்வாகத்தான் போகிறது என்றால் அங்கேயே நிறுத்திக் கொள்ளுங்கள். சாய்ந்த திருப்புளி பித்தளை ஸ்குரூவின் தலையைச் சிதைத்துவிடும். தலை சிதைந்த ஒரு ஸ்குரூவினால் ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகும். இத்தகைய படகுகளில் பம்பை முழுமையாகக் கழற்றி எடுத்து, வெளிச்சத்தில் பலகை மேல் வைத்து வேலை செய்வதே எளிது. கூடுதல் வேலை போலத் தோன்றினாலும், முடிவில் நேரம் மிச்சமாகும்.

பம்பைக் கழற்றும் முறை

உறிஞ்சு குழாய் எது, வெளியேற்றும் குழாய் எது என்று சாயத்தால் குறியிடுங்கள். கிளாம்புகளைத் தளர்த்திக் குழாய்களை உருவுங்கள். பழகிக் கெட்டியான குழாய் வரவில்லை எனில் முறுக்கி இழுக்க வேண்டாம். பம்பின் வாய் உடையக் கூடும். குழாயின் நுனியை நீளவாக்கில் கத்தியால் கீறினால் எளிதில் வரும். நீளம் போதுமானால் கீறிய நுனியை வெட்டிவிட்டு மீண்டும் பொருத்தலாம். போதாவிடில் புதுக்குழாய் இட வேண்டும்.

பட்டையால் ஓடும் பம்பாயின் முதலில் பட்டையைத் தளர்த்தி எடுங்கள். பற்சக்கரத்தால் ஓடும் பம்பு, என்ஜினின் உடலோடு போல்ட் அல்லது நட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். முன்புற நட்டு எளிதில் வரும். பின்புற நட்டே தொல்லை தரும். அதைக் கண்ணாடியில் பார்த்து, விரலால் தடவி, எந்தத் திசையில் ஸ்பேனர் பிடிக்கும் என்று முதலில் அறிந்து கொள்ளுங்கள். நீளமான ஸ்பேனர் திரும்ப இடமின்றி முட்டுமானால், அதே அளவுள்ள பழைய ரிங் ஸ்பேனர் ஒன்றைப் பாதியாக அறுத்து, அப்படகுக்கென்றே வைத்துக் கொள்ளலாம். நட்டு கழன்று வரும் நேரத்தில் நழுவாதிருக்க, ஸ்பேனரின் வளையத்தினுள் சிறிது கிரீஸ் தடவினால் நட்டு அதில் ஒட்டிக் கொள்ளும். மாட்டும்போதும் இந்த உபாயம் உதவும்.

நட்டுகள் நீங்கியபின் பம்பை நேராக வெளியே இழுங்கள். அசையவில்லையெனில் மரக்கட்டையை வைத்து இலேசாகத் தட்டலாம். சிறிது என்ஜின் ஆயில் வடியக் கூடும். திறந்த துளையைச் சுத்தமான துணியால் மூடி வையுங்கள்.

இம்பெல்லரை உருவுதல்

மூடியைத் திறந்ததும் இறக்கைகள் எப்பக்கம் மடங்கியுள்ளன என்று பார்த்து, பம்பின் உடலில் அம்புக் குறி இடுங்கள். பிறகு இம்பெல்லர் தண்டில் எவ்வாறு பிணைந்துள்ளது என்று கவனியுங்கள். சில வகைகள் வெறுமனே சொருகப்பட்டிருக்கும். சிலவற்றை ஒரு ஸ்குரூவோ வளையப் பூட்டோ பிடித்திருக்கும். பூட்டு இருப்பதை அறியாமல் இழுத்துப் பம்பையே கெடுத்துக் கொள்வதுண்டு.

பூட்டு இல்லையெனில், நீள்மூக்குக் குறடால் நடுக்குமிழைப் பிடித்து, சுழலும் திசையில் சற்றே திருப்பியபடி இழுக்க வேண்டும். சில இம்பெல்லர்களின் நடுத்துளையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அம்மரைக்குரிய போல்டை உள்ளே முடுக்கினால் அது தண்டின் முனையில் முட்டி, இம்பெல்லர் தானே வெளியே வரும். இடம் குறுகியிருக்கும் பம்புகளுக்கு இதுவே சிறந்த வழி.

இரண்டு திருப்புளிகளை எதிரெதிரே கொடுத்து நெம்புவதும் வழக்கில் உள்ளது. அவ்வாறு செய்யும்போது பம்பின் விளிம்பில் மெல்லிய மரச்சில்லு வைத்து அதன்மேல் நெம்புங்கள். மூடி அமரும் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலும் பம்பு காற்றை இழுக்கும். உப்புப் படிந்து இறுகியிருந்தால் சூடான நன்னீரை ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிட்டு முயலுங்கள். தீயால் சுடுவதும், தண்டின் மேல் சுத்தியால் அடிப்பதும் கூடாது. சீல், பேரிங் இரண்டும் கெட்டுவிடும்.

இறக்கைகளை எண்ணுங்கள்

இம்பெல்லரை எடுத்தவுடன் வேலை முடிந்துவிட்டதாகக் கருதி, புதியதைப் பொருத்தி ஓட்டிவிடுவது பலரும் செய்யும் பெருந்தவறு. பழைய இம்பெல்லரைப் புதியதன் பக்கத்தில் வைத்து இறக்கைகளை எண்ணுங்கள். முழு இறக்கைகள் எத்தனை, அறுந்தவை எத்தனை, நுனி மட்டும் போனவை எத்தனை என்று பாருங்கள். அறுந்த துண்டுகள் மறைந்து போவதில்லை. நீரோடு அடித்துச் செல்லப்பட்டு, குழாயின் வளைவிலோ, ஆயில் குளிர்விப்பானிலோ, வெப்பமாற்றியின் நுழைவாயிலிலோ தங்கி இருக்கும். வெப்பமாற்றியின் உள்ளே உள்ள குழல்கள் மிகச் சிறியவை. ஒவ்வொரு துண்டும் சில குழல்களை அடைத்துக் கொள்ளும். இம்பெல்லர் புதியதாக இருந்தும் என்ஜின் சூடாவது தீரவில்லை என்றால் இதுவே காரணமாக இருக்கலாம்.

எனவே வெளியேற்றும் குழாயைக் கழற்றி உதறிப் பாருங்கள். வெப்பமாற்றியின் நுழைவாயில் மூடியைத் திறந்து துண்டுகளைப் பொறுக்குங்கள். பிறகு வெளிவாயிலிலிருந்து நன்னீரைப் பாய்ச்சினால், சிக்கிய துண்டுகள் வந்த வழியே திரும்பி வரும். கிடைத்த துண்டுகளைப் பழைய இம்பெல்லரின் அறுந்த இடங்களோடு பொருத்திப் பாருங்கள். சில துண்டுகள் பொருந்தாமல் மீதமானால் அவை முன்னொரு முறை அறுந்தவை என்று கொள்ளலாம். துண்டு குறைந்தால் தேடுதலைத் தொடர வேண்டும். மூடி திறந்துள்ள இவ்வேளையில், வெப்பமாற்றியில் துத்தநாகத் துண்டு இருப்பின் அதன் தேய்மானத்தையும் பார்த்துக் கொள்ளுங்கள்.

பம்பின் உட்புறச் சோதனை

மூடியின் உட்புறத்தில் ஆழமான வட்டக் கோடுகள் விழுந்திருந்தால் புதுமூடி வாங்க வேண்டும். உடனே கிடைக்காவிடில், மறுபுறம் சமமாக உள்ள மூடியைத் திருப்பி மாட்டித் தற்காலிகமாக ஓட்டலாம். மேட்டுப் பகுதி மிகத் தேய்ந்திருந்தால் இறக்கைகள் போதிய அளவு மடங்கா. நீரின் அளவு குறையும்.

பற்சக்கரத்தால் ஓடும் பம்பின் அடியில் ஒரு சிறு கசிவுத் துளை இருக்கும். அதில் நீர் சொட்டினால் வாட்டர் சீலும், எண்ணெய் சொட்டினால் ஆயில் சீலும் தேய்ந்துள்ளன என்று பொருள். கசிவை நிறுத்துவதற்காக அத்துளையை அடைத்துவிடாதீர்கள். வெளியே போக வழியில்லாத கடல்நீர் என்ஜினுக்குள் நுழையும். ஆயில் காப்பி நிறமாக மாறும். அதன் பிறகு பேரிங்குகளையும் கிராங்க் தண்டையும் காப்பாற்றுவது கடினம்.

புதிய இம்பெல்லரைப் பொருத்துதல்

பம்பின் உட்புறத்திலும் இறக்கைகளிலும் கிளிசரின் அல்லது சோப்பு நீர் தடவுங்கள். கிரீஸ், டீசல், என்ஜின் ஆயில் ஆகியவை வேண்டாம்; பல வகை ரப்பரை இவை ஊதச் செய்து கெடுக்கும். இறக்கைகளை அம்புக் குறிக்கு ஏற்ற திசையில் மடக்கி, ஒரு நூலால் சுற்றிக் கட்டினால் இம்பெல்லர் எளிதில் உள்ளே செல்லும். முக்கால் பங்கு நுழைந்ததும் நூலை உருவிவிட்டு மீதியை அழுத்துங்கள். தண்டின் சாவி அல்லது பற்கள் சரியாகப் பொருந்தியுள்ளனவா எனப் பாருங்கள். கேஸ்கெட்டின் கனம் பழைய அளவே இருத்தல் வேண்டும். கனம் கூடினால் பக்கவாட்டில் இடைவெளி ஏற்பட்டு உறிஞ்சும் சக்தி குறையும். குறைந்தால் இம்பெல்லர் மூடியில் உரசித் தேயும்.

மூடியின் ஸ்குரூக்களை எதிரெதிராக, அளவாக இறுக்குங்கள். பம்பை என்ஜினில் பொருத்துகையில் அடியிலும் புதிய கேஸ்கெட் இடுங்கள். குழாய்களை மாட்டி, வால்வைத் திறந்து, கசிவு இல்லை என்று கண்டபின் பாட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்யலாம். ஒருவர் படகின் பக்கத்தில் நின்று நீர் விழுவதைக் கவனிக்கட்டும். அரை நிமிடத்தில் நீர் வரவில்லையெனில் உடனே நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

தடைக்காலத்தைப் பயன்படுத்துங்கள்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. இம்பெல்லர் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை. ஆனால் பலர் தடைக்காலத்தின் இறுதியில்தான் என்ஜினைத் தொடுகின்றனர். தொடக்கத்திலேயே இம்பெல்லரைக் கழற்றிவிடுவது நல்லது. இரண்டு மாதம் மடங்கிக் கிடந்து உறைந்த இறக்கைகள், முதல் நாள் ஸ்டார்ட் செய்யும்போதே அடியோடு அறுந்து போகக் கூடும். கழற்றிய இம்பெல்லர் நல்ல நிலையில் இருந்தால் நன்னீரில் கழுவி, வெயிலும் எண்ணெயும் படாத இடத்தில் வைத்து, தடைக்காலம் முடியும்போது மாட்டிக் கொள்ளலாம். 'இம்பெல்லர் இல்லை' என்று எழுதிய அட்டையை ஸ்டார்ட்டர் சுவிட்சில் கட்டித் தொங்கவிட மறவாதீர்கள்.

படகு கரையில் இருக்கும் இந்நாட்களில் மற்றொன்றையும் செய்யலாம். பம்பின் மூடிக்கு எதிரே உள்ள தடுப்புப் பலகையில், கழற்றி மாட்டக்கூடிய சிறு கதவு வைக்க முடியுமா என்று படகு கட்டுபவரிடம் கேளுங்கள். படகின் வலுவைத் தாங்கும் பலகையிலும், நீர் புகாமல் தடுக்கும் பலகையிலும் தாமாகத் துளையிடுதல் கூடாது.

கடலுக்குச் செல்லும் ஒவ்வொரு படகிலும் ஒரு மாற்று இம்பெல்லர், கேஸ்கெட், ஸ்குரூக்கள், அப்படகுக்கென அறுத்த ஸ்பேனர் ஆகியவற்றை ஒரே டப்பாவில் இட்டு, வெப்பமும் ஈரமும் இல்லாத இடத்தில் வைத்திருத்தல் வேண்டும். மாற்றிய தேதியை என்ஜின் அறைக் கதவில் எழுதி வையுங்கள். டப்பா இருந்தும் கழற்றத் தெரிந்தவர் படகில் இல்லையெனில் பயனில்லை. ஆகவே கரையில் ஒரு முறை, படகு டிரைவரும் உடன் செல்லும் இளைஞர் ஒருவரும் தங்கள் கையாலேயே பம்பைக் கழற்றி மாட்டிப் பழகட்டும். பின்புற நட்டு எங்கே இருக்கிறது என்று விரல் ஒரு முறை அறிந்துகொண்டால், நடுக்கடலில் இருட்டிலும் அது வழி காட்டும்.

நினைவிற் கொள்க

* வால்வை மூடிய பின்னரே குழாயைக் கழற்றுக.
* திருப்புளி நேராகப் போகாத இடத்தில் பம்பையே கழற்றுக.
* இறக்கைகளை எண்ணுக; அறுந்த துண்டுகள் அனைத்தும் கிடைக்கும் வரை தேடுக.
* ரப்பருக்குக் கிளிசரின் அல்லது சோப்பு நீர் மட்டும் இடுக.
* தடைக்காலத் தொடக்கத்தில் இம்பெல்லரைக் கழற்றி வைக்க.